அறிமுகக் கையெழுத்து

அத்தியாயம் 9

“சொல்ல முடியாதுங்க மேடம்.”

கூடலூர் வங்கிக் கிளையின் மேலாளர் மூன்றாவது முறையாக அதே வாக்கியத்தைச் சொன்னார். கோபமில்லை, எரிச்சலில்லை. நடை சாத்திய பிறகு வந்த பக்தரிடம் பூசாரி சொல்கிற தொனி.

“அந்தப் பேர்ல இங்கன கணக்கு இருக்குன்னாவது சொல்லலாமே சார்?”

“இருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். நாளைக்கு ஒருத்தர் வந்து உங்க கணக்கைக் கேட்டு, நான் வாயத் தொறந்தா நீங்க சும்மா இருப்பீகளா?”

துப்பறியும் மாயக்காள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். அவளே ஒரு காலத்தில் வங்கிக் கவுண்டரில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பழனிசெட்டிபட்டியில் சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். இதே வாக்கியத்தை இதே தொனியில் எத்தனை பேரிடம் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பாள்! இன்று அது அவள் மேலேயே வந்து விழுந்தது.

வெளியே சாரல். உதவியாளன் நத்தர்ஷா குடையை விரித்தான். கம்பத்துக்காரன். வயது இருபத்தாறு, வாய்க்கு மட்டும் நாற்பது.

“சுவத்துக்கே காது இருக்குன்னு சொல்லுவாக. இந்த மனுசனுக்கு வாயே இல்லையேக்கா.”

“அவரு சொல்றது சரிடா. அதான் வயிறு எரியுது.”

வங்கிப் படிக்கட்டில் கயல் உட்கார்ந்திருந்தாள். தேனியில் ‘சுருளி யோகா நிலையம்’ நடத்துகிறவள். சாரலிலும் முதுகு நிமிர்ந்தே இருந்தது. முகம்தான் குனிந்திருந்தது.

“ஒண்ணும் நடக்கலையா மேடம்?”

“இன்னும் இல்ல.”

கயலின் வழக்கு இதுதான். குமுளியில் ஒரு பெரிய விடுதி. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள். அவர்களுக்குக் காலையில் யோகா சொல்லித்தர விடுதிக்காரர்கள் கயலோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். தேனி வகுப்பை விட்டுவிட்டு அவளால் தினம் மலையேற முடியாது. அதனால் தன் மாணவன் விஜயகுமாரை அனுப்பினாள். ஆரம்பத்தில் விடுதி ஒட்டிய உறையில் ரொக்கமாகக் கொடுத்தது, அவன் பிரிக்காமல் கொண்டுவந்து தந்தான். போன சித்திரையில் விடுதியின் ஆடிட்டர், இனி செக் மட்டும்தான், அதுவும் நிலையத்தின் பெயரில்தான் என்று சொல்லிவிட்டார்.

கயலுக்குத் தேனியில் இருந்தது அவள் சொந்தப் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு. நிலையத்தின் பெயரில் எதுவும் இல்லை. இங்கேதான் தனியாகத் தொழில் செய்கிற பலபேர் தடுக்கி விழுகிறார்கள். ‘நிலையமும் நானும் ஒண்ணுதானே’ என்று அவர்கள் நினைக்கிறார்கள். செக்குக்கு அது தெரியாது. ரொக்கம் என்பது கம்பத்துச் சாலையில் ஓடும் ஜீப் மாதிரி, யார் கை காட்டினாலும் நிற்கும். இடது மூலையில் இரண்டு கோடு கிழித்த செக் அப்படி இல்லை. தன் மேல் எழுதியிருக்கிற பெயரில் ஒரு கணக்கு எங்கே இருக்கிறதோ, அங்கே போய்த்தான் நிற்கும். நடுவில் யார் கையிலும் பணமாக இறங்காது.

“அடுத்த மாசம் கரண்ட் அக்கவுண்ட் ஆரம்பிச்சுருவோம், அடுத்த மாசம் ஆரம்பிச்சுருவோம்னே இருந்துட்டேன் மேடம்,” என்று முதல் நாளே ஒப்புக்கொண்டிருந்தாள் கயல். “கணக்கு ஆரம்பிக்கிற வரைக்கும் விடுதிக்காரக பணத்தை வச்சிருப்பாக, மொத்தமா வாங்கிக்கலாம்னு நெனச்சேன்.”

போன வாரம் அவள் நிலையம் இருந்த மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பழனிசெட்டிபட்டியில் ஒரு கூடம் கிடைத்தது. முன்பணம் இருபதாயிரம். விடுதிக்குப் போன் போட்டாள். ‘ஒவ்வொரு மாதமும் செக் கொடுத்தாச்சே, எல்லாம் பாஸ் ஆயிருச்சே’ என்றது விடுதி. எந்த வங்கி வழியாக என்று மாயக்காள் விசாரித்ததில் வந்து நின்ற இடம்தான் கூடலூர்.

கூடத்துக்காரர் நல்லவர்தான். ஆனால் கெடு வைத்துவிட்டார். திங்கட்கிழமை காலை பணம் வரவேண்டும், அல்லது பேங்கில் பணம் கட்டியதற்குச் சீல் வைத்த ரசீதையாவது காட்டவேண்டும். இல்லையென்றால் கூடம் ஒரு சீட்டுக் கம்பெனிக்கு. இன்று சனிக்கிழமை. வங்கி பன்னிரண்டு மணி வரைதான்.

“டீச்சர், தப்பா எடுத்துக்காதீக,” என்றான் நத்தர்ஷா. “செக்கை வாங்கிட்டு வந்தது அந்த விஜயகுமார். பணத்தைக் காணோம். இதுக்கு எதுக்குத் துப்பறியணும்? எங்க வீட்டுப் பூனையே சொல்லிரும்.”

கயல் தலையை ஆட்டினாள். “அவனா இருக்காது தம்பி. அவன் மேகமலை எஸ்டேட்டுல கூலிக்காரக லயத்துல பொறந்து வளந்தவன். கூடலூர்ல ஒரு ஈ காக்கையத் தெரியாது அவனுக்கு. பேங்க்ல கணக்கு ஆரம்பிக்கணும்னா ஏற்கெனவே கணக்கு வச்சிருக்கிற ஒருத்தர் அறிமுகக் கையெழுத்துப் போடணும்ல? இங்கன அவனுக்கு யாரு போடுவா?”

மாயக்காளின் கண்ணில் காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது.

“நல்ல கேள்வி கயல். செக்கை மாத்துன ஆளை விடுவோம். அவனுக்கு உள்ள கதவைத் தொறந்துவிட்டது யாருன்னு தேடுவோம்.”

அவளுக்கு இந்த அறிமுகக் கையெழுத்தின் மேல் எப்போதுமே ஒரு பிரியம் உண்டு. போட்டோ, ரேஷன் கார்டு, லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் எவனும் தயார் செய்துகொண்டு வந்துவிடலாம். ஆனால் ‘இந்த ஆளை எனக்குத் தெரியும்’ என்று எழுதி ஊரில் இன்னொரு ஆள் கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்தை வங்கி தன்னிடமுள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் கதவு திறக்கும். பெண் கேட்டுப் போகும்போது கூட ஒரு பெரியமனிதரை அழைத்துப்போவது போலத்தான்.

“கூடலூர்ல அறிமுகம் வேணும்னா யார்கிட்டப் போவாக?” என்றாள் மாயக்காள்.

நத்தர்ஷா எதிரே இருந்த டீக்கடையைக் கை காட்டினான். “வடை தீயுற வாசனை வர்ற எடத்துல எப்பவும் ஒரு பெரியமனுசன் இருப்பாருக்கா.”

சாலையைக் கடக்கும்போது கயல் ஒரு மாடியை அண்ணாந்து பார்த்தாள். கீழே உரக்கடை, மேலே துருப்பிடித்த கிராதி.

“என் மொத வகுப்பு அந்த மாடியிலதான் மேடம். கல்யாணமான புதுசு. ஆறு பேரு வந்தாக. அந்தச் சம்பளத்துலதான் இந்த பேங்க்ல மொதமொத கணக்கே ஆரம்பிச்சேன். அப்புறம் தேனிக்குப் போயி எல்லாத்தையும் மறந்துட்டேன். பழைய பாஸ்புக்கு நிலையத்து அலமாரியில எங்கயோ கெடக்கும்.”

“இப்ப பேசுறீகளே, காலையில ஜீப்புல இப்படிப் பேசிட்டு வந்திருந்தா எனக்கும் பொழுது போயிருக்கும்,” என்றான் நத்தர்ஷா.

“அது மௌன நேரம் தம்பி. வகுப்பு முடிஞ்சா எட்டு மணி வரைக்கும் வாய் தொறக்க மாட்டேன். பதினஞ்சு வருசப் பழக்கம்.”

“அதான் பாத்தேனே. வாசல்ல கூரியர்காரன் நீட்டுன தாள்ல சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டீக. என்ன ஏதுன்னு குனிஞ்சுகூடப் பாக்கல. நான் நடுவுல ஒண்ணைச் சொருகியிருந்தா இந்நேரம் என் பைக் கடனுக்கு நீங்கதான் ஜாமீன்.”

கயலுக்கே சிரிப்பு வந்தது. “பேசாம எப்படித் தம்பி என்னன்னு கேக்குறது? சர்டிபிகேட்டு, லீவு லெட்டரு, எல்லாத்தையும் பிள்ளைக அப்பத்தான் நீட்டுங்க. அந்த நேரத்துல மனசுல சந்தேகமே வராது.”

மாயக்காள் சிரிக்கவில்லை. அவள் சாலையின் நடுவில் ஒரு கணம் நின்றாள். சபரிமலைக்குப் போகிற வேன் ஒன்று ஹாரன் அடித்ததும்தான் நகர்ந்தாள்.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் ராக்கையா. தோளில் துண்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா. கூடலூரில் பாதிக் கணக்குகளுக்கு அறிமுகக் கையெழுத்து அவருடையது. ஒரு டீ, ஒரு பருப்பு வடை, அவ்வளவுதான் கட்டணம். நத்தர்ஷா கேட்பதற்கு முன்னாலேயே இரண்டு வடையை வாங்கி அவர் முன் வைத்தான்.

“எந்தூருப்பா?”

“கம்பம்ணே. ஒரு கணக்கு ஆரம்பிக்கணும்.”

ராக்கையா வடையைத் தள்ளி வைத்தார். அப்படி ஒரு சோகத்தை நத்தர்ஷா எந்த வடைக்கு முன்னாலும் பார்த்ததில்லை.

“என் கையெழுத்து இப்பச் செல்லாதுப்பா. ஆடி மாசம் ஆடிட்டுக்கு வந்தாங்கெ. ‘யாருய்யா இந்த ராக்கையா, ஊருக்கே மாமனா?’ன்னு கேட்டாங்கெளாம். அதுலருந்து கரண்ட் அக்கவுண்டுக்குக் கரண்ட் அக்கவுண்ட் வச்சிருக்கவுகதான் போடணும்னு ஆக்கிப்புட்டாங்கெ. நான் சேமிப்புதான வச்சிருக்கேன்.”

“அதுக்கு முன்னாடி,” என்று குனிந்தாள் மாயக்காள், “சித்திரை வாக்குல, யோகா நிலையம்னு ஒரு பையன் வந்தானாண்ணே? ஒல்லியா, நல்ல நிமிந்த முதுகு.”

“வந்தானே! அவனைத் தெரியாதா? வாரத்துல ஆறு நாளு குமுளி ஜீப்புல ஏறுவான். என்கிட்டத்தான் மொதல்ல வந்தான். ‘ஏலே, தெரியாதவனுக்குப் போட மாட்டேன், நாளைக்கு ரெண்டு டீ குடிச்சுப் பழகிட்டு வா’ன்னேன்.” ராக்கையா வடையை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டார். “மறுநா வந்தான். டீ குடிக்கல. பாரத்துல கையெழுத்தை ஏற்கெனவே வாங்கிட்டு வந்துட்டான்.”

“யாரு கையெழுத்து?”

“அது தெரியாது ஆத்தா. ஆனா கவுண்டர்ல சொன்னாக, நான் பக்கத்துலதான் நிக்கிறேன். ‘தம்பி, கையெழுத்துச் சரியா இருக்கு. ஆனா அறிமுகம் செய்றவக கணக்கு வருசக்கணக்கா தூங்குது. தூங்குற கணக்கு சாட்சி சொல்லாது. அவுககிட்டச் சொல்லி எதாச்சும் வரவு செலவு பண்ணச் சொல்லு’ன்னாக. அவன் அங்கனயே நூறு ரூபாயை அந்தக் கணக்குல கட்டி எழுப்பிவிட்டுட்டான். கெட்டிக்காரப் பய!”

நத்தர்ஷா விசிலடித்தான். “தூங்குற கணக்கைத் தட்டி எழுப்பி, சாட்சிக் கூண்டுல ஏத்தியிருக்கான்! யாருக்கா அந்தத் தூங்குமூஞ்சி?”

மாயக்காள் டீயைத் தொடவில்லை. துப்புத் துலங்கும் நேரத்தில் அவளுக்கு ஒரு சந்தோஷம் வரும். பூட்டின் நாக்கு விழுகிற மாதிரி ஒரு ‘டக்’. இன்று அந்த ‘டக்’ கேட்டது, சந்தோஷம்தான் வரவில்லை. விஜயகுமாருக்குத் தெரிந்த ஆள். கூடலூரில் பழைய கணக்கு உள்ள ஆள். அதை மறந்தே போன ஆள். கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள்.

அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“கயல், ஒரு காரியம் பண்ணுங்க. உள்ள போயி உங்க பழைய கணக்குல எவ்வளவு இருக்குன்னு கேளுங்க. அடுத்தவங்க கணக்கைத்தான் சொல்ல மாட்டாக. உங்க கணக்கை உங்ககிட்டச் சொல்லித்தான் ஆகணும்.”

“எதுக்கு மேடம்? அதுல என்ன இருக்கப்போகுது?”

“போய்க் கேளுங்க.”

கவுண்டரில் இருந்த அம்மாள் கயலின் முகத்தைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள். “அறுநூத்திச் சொச்சம் இருக்கும்மா. நல்லவேளை, சித்திரையில நூறு ரூபா கட்டி எழுப்பிவிட்டீக. இல்லேன்னா இன்னைக்கு மனு எழுதித் தரச் சொல்லியிருப்போம்.”

கயல் திரும்பி மாயக்காளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எதுவும் புரியாத பார்வை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது.

“நானா மேடம்?”

“மௌன நேரத்துல நீட்டியிருப்பான்.”

“நானே... நானேவா அவனைக் கொண்டுபோய் உக்கார வச்சேன்?” என்று சொல்லி, கயல் வாடிக்கையாளர் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்தாள். இந்த முறை முதுகு நிமிரவில்லை.

நத்தர்ஷா சட்டென்று மாயக்காளின் முழங்கையைத் தட்டினான். வாசலில் ஒரு ஒல்லியான பையன் மழைத்துளியை உதறிக்கொண்டு நின்றான். விடுதி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை செக் கொடுக்கும். கொண்டுவந்து போடுகிறவன் சனிக்கிழமை வருவான். மாயக்காள் இந்த நாளைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

விஜயகுமார் ஓடவில்லை. கயலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். பழக்கம்.

“அக்கா.”

“ஏன்டா?” என்றாள் கயல்.

“மூணு தடவை சொன்னேன்க்கா, கணக்கு ஆரம்பிங்கன்னு. செக்குக்கு ஆறு மாசம்தான் உசுரு, அப்புறம் செத்துப்போகும்னேன். நீங்க அடுத்த மாசம்னீக.” அவன் குரல் தாழ்ந்தே இருந்தது. “மொத செக்கைப் போட்டு எடுத்து உங்ககிட்டத் தந்துரணும்னுதான் ஆரம்பிச்சேன். சத்தியமா. அந்த வாரமே அப்பாவுக்கு ஓய்வுன்னு சொல்லி, லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாக. முப்பது வருசம் இருந்த வீடு. சாமானைத் தூக்கிட்டு எங்க போறது?”

“எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லடா.”

“கேட்டிருக்கலாம். ஆனா கணக்குல பணம் ஏறுனப்பத்தான் தெரிஞ்சது, ஒரு வகுப்புக்கு அவுக உங்களுக்குத் தொள்ளாயிரம் தர்றாகன்னு. எனக்கு நீங்க நூறு தந்தீக. ஜீப்பு செலவு போக அறுவது. பனியில மலையேறுனது யாருக்கா? அந்த வெள்ளக்காரக என்னையத்தான் குருங்கிறாக.”

கயல் எதையோ சொல்ல வாயெடுத்தாள். வகுப்புக்கு நூறு என்று கணக்குப் பார்த்து மாதம்தோறும் கொடுக்கும்போது ‘இது சேவைடா’ என்று அவள் சொல்வது மாயக்காளுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கயல் பையின் வாரைச் சரிசெய்ததை அவள் கவனித்தாள்.

“இவ்வளவு நாள் பணம்?” என்றாள் மாயக்காள்.

“அய்யப்பன் கோயில் தெருவுல ஒரு வீட்டுக்கு ஒத்திப் பணமாக் குடுத்துட்டேன். அப்பா அம்மா அங்கதான் இருக்காக.” பையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கயலின் மடியில் வைத்தான். “இந்த மாசத்துச் செக். இருபத்தி மூவாயிரத்துச் சொச்சம். எடுத்துக்குங்க. அங்கன விடுதிக்கு மட்டும் வந்துராதீகக்கா. எனக்கு வேற பொழப்பு இல்ல.”

நத்தர்ஷாவுக்கு முகம் மலர்ந்தது. “டீச்சர், கூடத்துக்குக் காசு வந்திருச்சு!”

மாயக்காள் செக்கைப் பார்த்தாள். இடது மூலையில் இரண்டு கோடு. பெயர்: சுருளி யோகா நிலையம். கயல் கையில் அது வெறும் தாள். இந்த ஊரில் அதைப் பணமாக்கக்கூடிய ஒரே கணக்கு விஜயகுமாருடையது.

புகார் கொடுக்கலாம். கொடுத்தால் என்ன நடக்கும் என்று மாயக்காளுக்கு மனப்பாடம். அந்தப் பெயரில் தகராறு என்று எழுதி, வங்கி அந்தப் பெயரையே முடக்கி வைக்கும். இந்தச் செக்கும் அதோடு முடங்கும். போலீஸ், “கையெழுத்து உங்களோடதுதானம்மா?” என்று கேட்கும். ஆமாம் என்றுதான் சொல்லவேண்டும். நிலையத்தின் பெயரை எங்கும் பதிவு செய்யவில்லை. கோர்ட்டுக்குப் போனால், வழக்கு முடிவதற்குள் திங்கட்கிழமைகள் நூறு வந்துபோகும். கயலுக்கு வேண்டியது ஒரே ஒரு திங்கட்கிழமை.

அவள் மேலாளர் அறைக்குப் போனாள். இந்த முறை எதையும் விசாரிக்கவில்லை.

“சார், இவுக ஒரு கரண்ட் அக்கவுண்ட் ஆரம்பிக்கணும். பேரு சுருளி யோகா நிலையம்.”

மேலாளரின் புருவம் உயர்ந்து இறங்கியது. “தகராறு ஏதாச்சும் உண்டா மேடம்?”

மாயக்காள் கயலைப் பார்த்தாள். கயல் மெதுவாகத் தலையை ஆட்டினாள். “இல்ல சார்.”

“அப்ப ஆரம்பிக்கலாம். பேருக்கு யாரும் சொந்தக்காரக இல்ல. தேனியிலருந்து இங்க வரைக்கும் சுருளியாண்டவர் காபிக் கடை எத்தனை இருக்கு? எல்லாத்துக்கும்தான் கணக்கு இருக்கு.” கடிகாரத்தைப் பார்த்தார். “பன்னெண்டுக்குள்ள பாரம் வந்துரணும். அறிமுகம் மட்டும் இந்தக் கிளையில கரண்ட் அக்கவுண்ட் வச்சிருக்கவுகளா இருக்கணும்.”

போட்டோ, ரேஷன் கார்டு, லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் கயலின் பையில் இருந்தன. மாயக்காள்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். இல்லாதது ஒரு மனிதர்.

நத்தர்ஷா சாரலில் ஓடினான். உரக்கடைக்காரர், ‘தெரியாத பொம்பளைக்கு எப்படிப்பா’ என்றார். ஏலக்காய்க் கடைக்காரர், ‘முதலாளி குமுளி போயிருக்காக’ என்றார். ராக்கையா இரண்டு பேனாவையும் எடுத்துக் காட்டி, “இருந்து என்னப்பா புண்ணியம்?” என்றார். நனைந்து திரும்பி வந்த நத்தர்ஷா வங்கிக்குள் நின்று நாலு பக்கமும் பார்த்தான். அவன் பார்வை கடைசியில் ஒரு இடத்தில் போய் நின்றது. மாயக்காளின் பார்வை ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

“வேண்டாம்க்கா,” என்றான் நத்தர்ஷா. “வேற யாராச்சும்...”

“வேற யாரும் இல்லடா. அவன் வச்சிருக்கிறதும் கரண்ட் அக்கவுண்ட்தான்.”

கயல் எழுந்தாள். பாரத்தை எடுத்துக்கொண்டு விஜயகுமார் முன்னால் போய் நின்றாள். எத்தனையோ காலைகளில் அவன் அவள் முன் வந்து நின்ற மாதிரி. ஒன்றும் பேசவில்லை. நீட்டினாள்.

அவன் வாங்கினான். வாங்கியவுடன் கையெழுத்துப் போடவில்லை. மேலிருந்து வாசிக்க ஆரம்பித்தான். பெயர், தொழில், விலாசம். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினான். பியூன் வெளிக்கதவைப் பாதி இழுத்துவிட்டான். கவுண்டர் அம்மாள் இரண்டு தடவை இந்தப் பக்கம் பார்த்தாள். கயல் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘விண்ணப்பதாரரை எனக்கு ........ ஆண்டுகளாகத் தெரியும். அவர் இத்தொழிலை நடத்துபவர் என உறுதி கூறுகிறேன்.’

அந்த வரியில் விரல் நின்றது.

“அஞ்சு வருசமாக்கா?” என்றான்.

“ஆறு.”

அவன் ஆறு என்று எழுதினான். பக்கத்தைத் திருப்பிப் பின்புறமும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடி வாசலுக்குப் போனான். வெளியே குமுளி ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

கவுண்டர் அம்மாள் பெயரைக் கணினியில் தட்டினாள். நிறுத்தினாள். அறைக்குள் எட்டிப்பார்த்தாள்.

“சார், இதே பேருல ஒண்ணு வருதே. செக்கு மாறிப் போயிருமே?”

“பின்னாடி ஒரு ரெண்டு போட்டுக்கங்கம்மா,” என்றது மேலாளரின் குரல். “முன்ன வந்தது அப்படியே இருக்கட்டும்.”

மாயக்காள் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள். துடைக்க வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. நத்தர்ஷா குடையை மடக்கினான், விரித்தான், மறுபடி மடக்கினான்.

செக் பெட்டிக்குள் போயிற்று. ரசீதில் சீல் விழுந்தது. கூடத்துக்காரருக்கு இது போதும். கூடவே, கணக்கின் தாள் ஒன்றும் கண்ணாடி ஓட்டை வழியாக வெளியே வந்தது.

“கீழ ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. நேரமாச்சு.”

“ஒரு நிமிசம்,” என்றாள் கயல். “வாசிச்சுக்கிறேன்.”

முதல் வரியில் பெரிய எழுத்தில் இருந்தது: சுருளி யோகா நிலையம் - 2.

அவள் அதை வாசித்தாள். அதற்குக் கீழே இருந்த எல்லாவற்றையும் வாசித்தாள். திரும்ப மேலே வந்து, முதல் வரியை இன்னொரு தடவை வாசித்தாள்.

“வாசிச்சுட்டீகளா?”

“வாசிச்சுட்டேன்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.